முழுகாமல் இருந்த மாதங்கள்

வயிற்றுவலி என்ற சொல்லின் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. என்னைப் பல வருடங்கள் ஏமாற்றியது நோயல்ல, அந்தச் சொல்தான்.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கை மலையகத்தில், லுணுகலைக்கு மேலே இருக்கிறது. எங்கள் லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) எந்தப் பெண்ணும் ஆண்களுக்கு முன்னால் மாதவிடாயைத் ‘தூரம்’ என்றுகூடச் சொல்லமாட்டாள். வயித்துவலி என்பாள். கேட்பவர்களும் புரிந்தும் புரியாததுபோல் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்தவர் ஓர் ஆண். நானும் அவரிடம் போய் "வயித்துவலிங்க" என்றுதான் சொன்னேன். "நேரத்துக்குச் சாப்பிடுறதில்லையா?" என்று கேட்டுவிட்டு, வயிற்றெரிச்சலுக்கான கேஸ்ட்ரைட்டிஸ் மாத்திரை கொடுத்தார். மாதம் தவறாமல் நான் போனேன், அவரும் மாதம் தவறாமல் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் சொன்ன வயிற்றுக்கு அவர் மருந்து கொடுத்தார், அவ்வளவுதான்.

உண்மையில் வலித்தது அடிவயிறு. ஈரத்துணியை இரண்டு பேர் எதிரெதிராக நின்று பிழிவதுபோல ஒரு வலி. அது இடுப்புக்கு இறங்கும், தொடைக்குப் போகும். கழிவறைக்குப் போனால் கண் இருட்டும். கணவரோடு சேரும்போதும் வலித்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

கல்யாணமான புதிதில் நான் மலையில் கொழுந்து எடுத்தேன். எடுத்த கொழுந்து நிறையில் குறைந்தால் அன்றைக்குப் பாதி நாள் கணக்குத்தான். அதை அரைப்பேர் என்போம். வலி நாட்களில் எனக்கு அரைப்பேர்தான் விழும். என்னைப் போல இன்னும் சிலர் இருந்தார்கள். போகப் போக அதுவே எங்களுக்குள் ஒரு குழூஉக்குறி ஆகிவிட்டது. "செல்விக்கு இன்னைக்கு அரைப்பேரு" என்று யாராவது சொன்னால், பக்கத்து நிரையில் நிற்பவள் என் கூடைக்கு இரண்டு பிடி கொழுந்து போடுவாள்.

பிறகு பயிற்சி எடுத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்கு (தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம்) பொறுப்பாக வந்துவிட்டேன். கல்யாணமாகி ஏழெட்டு வருடம் ஆகியும் எனக்குப் பிள்ளை இல்லை. ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் பாதி என் இடுப்பில்தான் வளர்ந்தார்கள். "ஊரு புள்ளைய எல்லாம் தூக்குற, ஒனக்கு எப்பத்தான்?" என்று கேட்காதவர் இல்லை. நான் சிரித்துக்கொண்டே "கியூவுல நிக்கிறேன்" என்பேன். வீட்டுக்கு வந்து அழுவேன். இதை வாசிக்கும் சிலருக்கு இந்தச் சிரிப்பும் தெரியும், அந்த அழுகையும் தெரியும்.

ஒருநாள் பால் கரைத்துக்கொண்டிருந்தபோது பிள்ளைக்காம்பராவிலேயே மயங்கி விழுந்தேன். கணவர் மோகன் பண்டாரவளைக்கு மரக்கறி ஏற்றும் லொறி ஓட்டுகிறார். அன்று மரக்கறியை அப்படியே விட்டுவிட்டு என்னை ஏற்றிக்கொண்டு பதுளைக்குப் போனார். லீக்ஸ் வாசனை அடிக்கும் லொறியில்தான் என் நல்ல காலம் தொடங்கியது.

பதுளை ஆஸ்பத்திரியில் பெண்நோயியல் கிளினிக்கின் நீண்ட நடைபாதையில், முதுகைச் சுவரில் சாய்த்தபடி என் முறைக்குக் காத்திருந்தேன். உள்ளே இருந்தவர் யாழ்ப்பாணத்து வைத்தியர், பெண். அவர் தமிழில் பேசியது எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் தமிழிலும் தமிழ் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"இந்த நோ எப்ப துவங்கினது?"

"வயசுக்கு வந்ததுல இருந்தே இருக்குங்க. மாசா மாசம் எனக்கு அரைப்பேருங்க, டொக்டர்."

அவர் என் கிளினிக் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இதில முழுப் பேரும் இருக்குதே, செல்வராணி எண்டு. அரைப்பேர் எண்டு என்னத்தைச் சொல்லுறீங்கள்?"

அந்த வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளக்கிச் சொன்னேன். அவரும் சிரித்தார். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தார்.

"அப்ப மாசத்தில எத்தினை அரைப்பேர்?"

"மொத ஒண்ணு ரெண்டுதாங்க. இப்ப ஏழு நாளைக்குக் கிட்ட வருதுங்க."

"மலம் போகேக்க நோகுதா?"

"ஆமாங்க."

"கணவரோட இருக்கேக்க?"

அந்தக் கேள்வியை அதுவரை யாருமே என்னிடம் கேட்டதில்லை. "ஆமாங்க" என்பதற்குள் கண்ணீர் அது பாட்டுக்கு வந்தது.

"அழாதேங்கோ. இது கேஸ்ட்ரைட்டிஸ் இல்லை. இதுக்கு வைத்தியம் இருக்கு" என்றார்.

அவர் சொன்ன பெயர் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உள்ளே படர வேண்டிய மென்சவ்வைப் போன்ற ஒன்று, கருப்பைக்கு வெளியே சூலகத்திலும் குடலருகிலும் வளர்வது). உள்ளே இருப்பது மாதாமாதம் கசிந்து வெளியேறுவதுபோல, வெளியே வளர்ந்ததும் கசியும். ஆனால் அதற்கு வெளியேற வழி கிடையாது. தேங்கி, வீங்கி, பக்கத்து உறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிடும். வலியும் அதனால்தான், சிலருக்குப் பிள்ளை தங்காததும் அதனால்தான். ஸ்கேனில் என் இடது சூலகத்தில் (முட்டை உருவாகும் உறுப்பு) ஒரு கட்டி தெரிந்தது. பழைய இரத்தம் தேங்கிய அந்தக் கட்டிக்கு சாக்லேட் கட்டி என்று பெயராம். என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் பாருங்கள்! அதற்குப் பிறகு கொஞ்ச நாள், பிள்ளைகளுக்குச் சாக்லேட் பிரித்துக் கொடுக்கவே எனக்குக் கை கூசியது.

சொன்னால் நம்பமாட்டீர்கள், நோய் இருக்கிறது என்று தெரிந்த அன்று நான் சந்தோஷமாக வீடு வந்தேன். என் வலிக்கு ஒரு பெயர் இருந்தது. நான் நடிக்கவில்லை, சோம்பேறி இல்லை, எனக்கு யாரும் செய்வினை வைக்கவும் இல்லை. வழியெல்லாம் "எண்டோ… எண்டோ…" என்று அந்தப் பெயரைச் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தேன். மோகன்தான், "மெதுவா சொல்லு புள்ள, நாக்கு சுளுக்கிக்கிறப் போகுது" என்றார்.

அடுத்த முறை வைத்தியர் மோகனையும் பரிசோதனைக்கு வரச் சொன்னார். "எனக்கு எதுக்குங்க? நோவு அவளுக்குத்தானே?" என்று இவர் இழுத்தார். "பிள்ளை ரெண்டு பேருக்கும்தானே வேணும்?" என்றார் அவர். எங்கள் பக்கத்தில் பிள்ளை இல்லையென்றால் குற்றவாளி பெண்தான், விசாரணையே கிடையாது. அதனால் தயவுசெய்து கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மோகனின் பரிசோதனை முடிவில் குறை ஒன்றும் இல்லை. அன்று அவர் லொறியை ஓட்டிய அழகைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் பாஸான பையன் தோற்றுப்போவான்.

வைத்தியம் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பது எனக்கு அதன்பிறகுதான் புரிந்தது. முன்பெல்லாம் வயிற்றைத் திறந்துதான் பார்ப்பார்களாம். இப்போது லெப்ரொஸ்கோபி (தொப்புளருகே சிறு துளைகளிட்டு, கமராவை உள்ளே விட்டுப் பார்த்துச் செய்யும் சத்திரசிகிச்சை) இருக்கிறது. கட்டியை எடுக்கும்போது நல்ல முட்டைகளும் கொஞ்சம் போய்விடக்கூடும் என்பதால், சூலகத்தில் முட்டைகள் எவ்வளவு மிச்சம் என்று முதலில் இரத்தப் பரிசோதனையிலேயே மதிப்பிட்டார்கள். "கவனமாத்தான் எடுக்கவேணும். உங்களுக்குப் பிள்ளை வேணும் எண்டதை நான் மறக்கமாட்டன்" என்றார் வைத்தியர். அந்த ஒரு வாக்கியத்தை நான் மனதுக்குள் எத்தனை தடவை சொல்லிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

சத்திரசிகிச்சைக்கு முறை வரச் சில மாதங்கள் ஆகும். அதுவரை வலியை அடக்க, தினமும் போடும் ஒரு ஹோர்மோன் மாத்திரை தந்தார். அதைப் போடும் காலம் முழுக்க மாதவிடாய் நின்றிருக்கும், வெளியே வளர்ந்ததும் அடங்கிக் கிடக்கும். நான் மாத்திரை விஷயத்தை மோகனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை வேண்டும் என்று பதுளைக்குப் போனவள் மாத்திரை போடுகிறாள் என்றால், லயத்தில் அதற்குக் கர்ப்பத்தடை என்று ஒரே அர்த்தம்தான்.

மாத்திரை வேலை செய்தது. வலி போயே போய்விட்டது. ஆனால் நான் ஒன்றை மறந்துவிட்டேன், பீலிக்கரையை.

பீலி என்பது மலையிலிருந்து வரும் தண்ணீர் குழாயில் விழும் இடம். எங்கள் லயத்துக்கு அதுதான் குளியலறை, அதுதான் வானொலியும். தூரமான பெண் மூன்றாம் நாள் அங்கே தலை முழுகுவாள். அதுவரை சாமி விளக்கைத் தொடமாட்டாள். ஒரு கல்யாணமான பெண் முழுகவில்லை என்றால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான். எங்கள் மொழியில் கர்ப்பிணியைச் சொல்வதே அப்படித்தானே, ‘அவ முழுகாம இருக்கா’ என்று.

நான் ஒரு மாதம் முழுகவில்லை. அடுத்த மாதமும் முழுகவில்லை. ஒருநாள்கூட விடாமல் விளக்கு வைத்தேன். மாமி, அதாவது மோகனின் அம்மா, வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் கண்பட்டுவிடும் என்று பயம். ஆனால் என் தட்டில் கருவாடு பெரிய துண்டாக விழுந்தது. எங்கிருந்தோ மாங்காய் வந்தது. தண்ணீர்க் குடத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். வயதாக ஆக மாமிக்கு என்மேல் பாசம் கூடுகிறது என்று நான் மடத்தனமாக நினைத்துக்கொண்டேன்.

விஷயம் தெரிந்தது பிள்ளைக்காம்பராவில்தான். ஒரு கைக்குழந்தையைத் தூக்கக் கையை நீட்டினேன். அதன் தாய் சட்டென்று குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அய்யோ, நீங்க தூக்காதீங்க அக்கா. மொத மூணு மாசம் கவனமா இருக்கணும்."

"எதுக்கு?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே! மலையே பேசுது."

என் கைகள் வெறுமனே நீண்டபடி நின்றன. நீங்கள் எத்தனையோ பேருடைய பிள்ளையைத் தூக்கியிருக்கலாம். இல்லாத ஒரு பிள்ளைக்காக உங்கள் கையிலிருந்து இருக்கிற பிள்ளையை ஒருத்தி விலக்குவதைத் தாங்குவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். தொட்டிலில் கிடந்த ஒன்று என்னோடு சேர்ந்து அழுதது.

வீட்டுக்குப் போனதும் மாமியிடம் சொல்லிவிட்டேன்.

"மாமி, நான் முழுகாம இல்ல. மாத்திர போடுறேன். அதுனாலதான் வரல."

மாமி அடுப்பை விட்டு எழுந்தார். "புள்ள வேணும்னு போயி, வராம இருக்கவா மாத்திர வாங்கிட்டு வந்த? யாரு ஒனக்கு இந்தப் புத்தி சொன்னது?"

"டொக்டர்தான் தந்தாங்க, மாமி."

"மாரியம்மனுக்கு நேந்துகிட்டேனே! லயம் பூரா நம்பிருச்சே!"

அவருக்கு வந்தது கோபமா, வெட்கமா, ஏமாற்றமா என்று பிரிக்க முடியவில்லை. பாவம், அவர் கண்ட கனவு அவ்வளவு பெரியது. அடுத்த கிளினிக்குக்கு நான் அவரையே கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் பதுளைவரை முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தார்.

வைத்தியர் படம் வரைந்து பொறுமையாக விளக்கினார். இந்த மாத்திரை கொஞ்ச காலத்துக்கு உள்ளே எல்லாவற்றையும் ஓய்வாக வைத்திருக்கும், சத்திரசிகிச்சை முடிந்ததும் நிறுத்திவிடுவோம், பிறகுதான் பிள்ளைக்கு முயற்சி என்றார். மாமி படத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கவ்வாத்து வெட்டிப் போட்ட மலை மாதிரிங்களா?"

வைத்தியர் என்னைப் பார்த்தார். தேயிலைச் செடியைக் கத்தரித்து ஓய்வாக விடுவது என்று நான் சொன்னேன்.

"கிட்டத்தட்ட அப்பிடித்தான், அம்மா. ஆனா கட்டாயம் பிள்ளை வரும் எண்டு நான் சத்தியம் பண்ணேலாது. வாறதுக்கு வழி திறக்கலாம்."

"வழியத் தெறங்க, போதும்" என்றார் மாமி.

அன்றைக்குச் சாயந்திரம் பீலிக்கரையில் மாமி பேசியது எங்கள் வீட்டுக் காம்பராவரை கேட்டது. "அது புள்ள இல்ல, மாத்திர. வைத்தியம் நடக்குது. யாரும் அவகிட்ட வாயக் குடுத்தா என்கிட்ட வாங்கிக் கட்டிக்குவீங்க." பக்கத்துக் காம்பரா மல்லிகா அக்கா ஏதோ முனகினார். மாமி அதற்கும் சேர்த்துக் கொடுத்தார். உள்ளே உட்கார்ந்திருந்த நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சத்திரசிகிச்சை பற்றி உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். வெட்டியது வயிற்றில், ஆனால் விழித்ததும் வலித்தது தோள்பட்டை. வயிற்றை உப்பவைக்க உள்ளே விட்ட வாயுவால் அப்படி வருமாம், தானாகவே போய்விடுமாம். தாதி முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. நீங்களும் பயப்படாதீர்கள். துளை போட்ட இடங்கள் என் சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை. இத்தனை வருட வலி இத்தனை சிறிய வாசல்களால் வெளியே போயிற்றா என்று தடவித் தடவிப் பார்த்தேன்.

மறுநாள் வைத்தியர் வந்தார். கட்டியை எடுத்தாயிற்று, ஒட்டியிருந்தவற்றைப் பிரித்தாயிற்று. நீலச் சாயம் விட்டுப் பார்த்ததில் ஒரு குழாய் (முட்டை கருப்பைக்கு வரும் வழி) அடைபட்டிருந்தது, மற்றது திறந்திருந்தது. "ஒண்டு காணும்" என்றார். யாழ்ப்பாணத்தில் காணும் என்றால் போதும் என்று அர்த்தம். எனக்கு அது தெரியாமல், "எங்கங்க காணாமப் போச்சு?" என்று கேட்டுவைத்தேன். அரைப்பேருக்கு அவர் பழிவாங்கிவிட்டார்.

மாத்திரையை நிறுத்திய பிறகு மாதவிடாய் வந்தது. அன்று முழுநாளும் பிள்ளைக்காம்பராவில் நின்றேன். சோறு ஊட்டினேன், தொட்டில் ஆட்டினேன், சண்டை தீர்த்தேன். சாயந்திரம் கதவைப் பூட்டும்போதுதான், இன்றைக்கு வலியையே நினைக்கவில்லை என்று உறைத்தது. சின்னதாக ஓர் இழுப்பு இருந்தது, அவ்வளவுதான். எல்லாப் பெண்களுக்கும் இதுதான் தூரமா? இவ்வளவுதானா? சந்தோஷத்தில் வீட்டுக்கு ஓடினேன், உண்மையாகவே ஓடினேன். மூன்றாம் நாள் பீலிக்கரையில் முழுகியபோது மாமி எனக்குத் தண்ணீர் மொண்டு ஊற்றினார். மருமகள் முழுகியதற்கு ஒரு மாமியார் சந்தோஷப்பட்டது எங்கள் லயத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

அதன்பிறகு முட்டையை வளர்க்கும் மாத்திரை. அது வளர்வதை ஸ்கேனில் பார்ப்பார்கள். திரையில் ஒரு கறுப்பு வட்டத்தைக் காட்டி, "இதுக்குள்ளதான் முட்டை" என்றார் வைத்தியர். என் உடம்புக்குள் ஒன்று ஒழுங்காக வளர்வதை நான் முதன்முதலாகக் கண்டேன். வெளியே வந்து மோகனுக்குப் போன் செய்து, "இன்னைக்கு பண்டாரவளை போக வேணாம், வீட்டுக்கு வாங்க" என்றேன். "லோடு ஏத்திட்டேனே" என்றார் அந்த மனுஷன். முட்டைக்கோவா அழுகினாலும் பரவாயில்லை என்று கத்தினேன். நடைபாதையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

உடனே நடந்துவிடவில்லை. முதல் தடவை முழுகினேன், அழுதேன். அடுத்த தடவையும் முழுகினேன், குறைவாக அழுதேன். எல்லோருக்கும் பிள்ளை கிடைப்பதில்லை, நோயும் திரும்பி வரலாம் என்று வைத்தியர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். ஆனாலும் வலியில்லாத உடம்போடு காத்திருப்பதும் வலியோடு காத்திருப்பதும் ஒன்றல்ல. இது மட்டும்தான் கிடைத்தது என்றாலும் நான் பதுளைக்குப் போனது வீண் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு மாதம் நாள் தள்ளிப்போனது.

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. பீலிக்கரையில் மல்லிகா அக்கா, "மறுபடியும் மாத்திரயா புள்ள?" என்றார். "ம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மாமி பார்த்தார், கேட்கவில்லை. இந்தத் தடவை மாங்காயும் வரவில்லை. ஒருமுறை சூடுபட்ட மனது, பாவம்.

பதுளையில் ஸ்கேன் திரையில் ஒரு புள்ளி மினுக் மினுக்கென்று துடித்தது. "பார்த்தீங்களா? இதயம்" என்றார் வைத்தியர். நான் பார்த்தேன். திரும்பவும் காட்டச் சொல்லிப் பார்த்தேன். மோகன் அழுத அழுகையில் தாதி அவர் உட்கார ஒரு கதிரை கொண்டுவந்து போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். மாமி திரியைத் திரித்துக்கொண்டிருந்தார்.

"மாமி, மாத்திர இல்ல."

"என்னா?"

"அந்த மாத்திரய நிப்பாட்டி மாசக்கணக்காச்சே. இது மாத்திர இல்ல, மாமி. நெஞ்சு துடிக்கிறத நானே பாத்தேன்."

திரி கையிலிருந்து விழுந்தது. மாமி என் முகத்தை இரண்டு கைகளாலும் பிடித்து உற்றுப் பார்த்தார். பிறகு, கண்படும் என்று பயந்த அதே மனுஷி, வாசலுக்கு ஓடி லயமே அதிரக் கத்தினார்:

"அடியே மல்லிகா! இந்தத் தடவ மாத்திர இல்லடி!"

முன்பெல்லாம் எனக்கு ஒரு மாதம் என்றால் வலி வரப்போகும் நாட்கள், வலி, வலி போன நாட்கள். இப்போது வாரம் வாரமாக நாள் நகர்கிறது. ஒவ்வொரு வாரமும் உள்ளே புதிதாக ஏதோ உருவாகிறதாம். என் அடிவயிற்றை நான் பகையாளிபோல் பார்த்தே வளர்ந்தவள். இப்போது அதன்மேல் கை வைத்துக்கொண்டு தூங்குகிறேன்.

நேற்றுப் பிள்ளைக்காம்பராவில், அன்று குழந்தையை இழுத்துக்கொண்ட அதே தாய் வந்தாள். அவளுடைய பிள்ளை இப்போது நடக்கிறான். ஓடிவந்து என் இடுப்பில் ஏறிக்கொண்டான்.

"அக்கா, தூக்காதீங்க" என்றாள் தயங்கித் தயங்கி.

பிள்ளைகளைத் தூக்கலாம், ஒன்றும் ஆகாது என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அவனுக்கு ஒரு முத்தம் கொடுத்து, "இந்தா, நீயே தூக்கிக்கோ" என்று நானே அவள் கையில் கொடுத்தேன்.